பதிவேடுகளில் நம் பாட்டன் பெயர்

இங்கிலாந்தில் பண்ணைக் கூலியின் பேரன் ஒருவர் தன் முன்னோரைத் தேடினால் ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டுவார். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்க ஆணையிட்டார். நிலமில்லாதவர் பெயரும் அதில் ஏறியது.

பூலாம்பாடிச் சேரியில் பிறந்த நமக்கு, தாத்தாவின் அப்பாவுக்கு மேல் பெயர் தெரிவது அரிது. காரணம் மறதி அல்ல. 1980இல் பரம்பரைப் பதவி ஒழிக்கப்படும்வரை கிராமக் கணக்கு கர்ணத்தின் கையில் இருந்தது. அதில் பட்டாதாரர் பெயர் இருந்தது. உழுத பண்ணையாளின் பெயருக்கு அங்கே வேலையில்லை.

ஆனாலும் நம்மவர் பெயர்கள் சில இடங்களில் எழுதப்பட்டுள்ளன. முதலாவது, மாதா கோயில். பெரம்பலூர், அரியலூர் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகள் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. திருமுழுக்குப் பதிவேட்டில் பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள் தேதியோடு இருக்கும். அதைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ தலித்துகள் இன்றும் வெளியேதான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தபோது, அவருடைய திருமுழுக்குப் பதிவும் ஆதாரமானது. ஆங்கிலேயப் பேரனுக்கு அவன் வேரைக் காட்டும் அதே வகை ஏடு, நமக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கிறது.

இரண்டாவது, கப்பல் பட்டியல். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு 'ட்ரூரோ' கப்பல் போனது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எழுதினார்கள். கர்ணம் எழுதாத பெயரைக் கப்பல் எழுத்தர் எழுதியது மரியாதையால் அல்ல, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. எழுதியவன் நோக்கம் எதுவானாலும் பெயர் நம்முடையது. நம் பகுதியைத் தேடுபவர்கள் திருச்சிராப்பள்ளி ஜில்லா என்று பார்க்க வேண்டும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்தான்.

மூன்றாவது, நிலப் பதிவேடு. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் வந்த அரசாணையின் தொடர்ச்சியாகப் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. அவற்றைப் பிற சாதியார் வாங்க முடியாது என்பது நிபந்தனை. பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டையும் இன்றைய அ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பாட்டன் பெயர் இருந்து, இங்கே வேறொருவர் பெயர் வந்திருந்தால், எப்போது, யார் ஆணையால் மாறியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

தோழர்களே, அலுவலகத்துக்குப் போகும் முன் தெருவிலுள்ள பாட்டிகளிடம் போங்கள். ஆண் வழியோடு நிறுத்தாமல், யார் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டப்பெயரையும் விடாதீர்கள், பதிவேட்டில் அதுதான் ஏறியிருக்கக்கூடும். பெயர் தெரிந்தால்தான் சர்வே எண்ணைத் தேட முடியும்.