இரவல் கருவிகள்: ஜெருசலேமின் கெமாக் வழக்கம்

ஜெருசலேம், பினே பிராக் முதலான இஸ்ரேலிய நகரங்களில் சமயப் பற்றுள்ள யூதர்கள் நெருங்கி வாழும் தெருக்களில் ‘கெமாக்’ என்றொரு ஏற்பாடு உண்டு. வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் சிறு நிதியும் கெமாக்தான், பொருள்களை இரவல் கொடுக்கும் வீடும் கெமாக்தான். பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு முன்னறையிலோ கிடங்கறையிலோ அது நடக்கும். ஒரு வீட்டில் கல்யாண உடை கிடைக்கும்; அடுத்த தெருவில் விருந்துக்கு வேண்டிய மடக்கு நாற்காலிகள்; இன்னொரு வீட்டில் தொட்டில், தாய்ப்பால் எடுக்கும் பம்பு. வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஓய்வுநாளுக்காகக் கடைகள் மூடிக்கிடக்கும் என்பதால், அவசரத்துக்கு மருந்து கொடுக்கும் கெமாக்குகளும் இருக்கின்றன. இறந்துபோன உறவினர் ஒருவரின் பெயரில் இவற்றை நடத்துவது வழக்கம். மருத்துவக் கருவிகளை இரவல் கொடுக்கும் ஏற்பாடும் இந்த மரபில் முளைத்ததே. 1976-க்குப் பிறகு அது நாடு முழுக்கப் பரவியது.

இந்த மரபின் வேர், யூதர்களின் சமயச் சட்ட நூலான தால்முத்தின் காலத்தது. பொருளாகக் கொடுக்கும் தர்மத்துக்கும், அன்பினால் செய்யும் உதவிக்கும் தால்முத் வேறுபாடு காட்டுகிறது. தர்மம் ஏழைக்கு மட்டுமே உரியது. உதவியோ ஏழைக்கும் பணக்காரருக்கும் பொது. தர்மத்தைப் பணத்தால்தான் செய்ய முடியும். உதவியை உடலுழைப்பாலும் செய்யலாம். பின்னாளில் இரவல் கருவிகளின் கதை முழுவதையும் தீர்மானித்தது இந்த வேறுபாடுதான். தர்மம் வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்க நேரலாம். இரவல் வாங்குகிறவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. இன்று கேட்டு வந்தவர் நாளை கொடுப்பவராகவும் இருக்கலாம்.

இரவலுக்கென்று தனிச் சட்டமும் யூதர்களிடம் பழங்காலத்திலிருந்தே இருக்கிறது. தால்முத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின் ‘பாவா மெட்சியா’ என்ற பகுதி, பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது: கூலியில்லாமல் காப்பவர், கூலிக்குக் காப்பவர், வாடகைக்கு எடுத்தவர், இரவல் வாங்கியவர். இவர்களில் இரவல் வாங்கியவருக்குத்தான் பொறுப்பு மிக அதிகம். பொருளின் பயன் முழுவதும் அவருக்கே என்பதால், எதிர்பாராத விபத்தில் அது பாழானாலும் அவரே ஈடு செய்ய வேண்டும். ஒரு முக்கியமான விலக்கு உண்டு. இரவல் வாங்கிய வேலைக்கே முறைப்படி பயன்படுத்தும்போது பொருள் தானாகப் பழுதாகிவிட்டால் பழி அவர்மேல் இல்லை. அன்றைய உதாரணம் உழவுக்கு வாங்கிய மாடு. சக்கர நாற்காலிக்கும் அந்த விதி அப்படியே பொருந்தும்: நோயாளி உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கைத் துணி கிழிந்தால் அது தேய்மானம், மழையில் வெளியே போட்டு வைத்துத் துருப்பிடித்தால் அது வாங்கியவர் பொறுப்பு.

நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் சமயக் கடமை. ஐரோப்பாவின் யூதச் சமூகங்களில் இதற்கென்றே சங்கங்கள் இருந்தன. நோயாளிக்கு ஆள் துணை, மருந்து, உணவு என்று அவை உதவின. இத்தகைய பணிகளை எல்லோருக்கும் புரியும்படி ஒரே நூலில் திரட்டித் தந்தவர் இன்றைய பெலாரஸில் உள்ள ராதின் என்ற ஊரில் வாழ்ந்த யூத அறிஞர் இஸ்ரேல் மேயிர் ககன் (1838–1933). 1888-இல் வெளிவந்த அவருடைய ‘அகவாத் கெசெத்’ கடன், இரவல், விருந்தோம்பல், நோயாளியைக் கவனித்தல் ஆகியவற்றின் விதிகளை விளக்குவதோடு, ஊர்தோறும் வட்டியில்லாக் கடன் நிதி வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் 1892-இல் தொடங்கிய யூத இலவசக் கடன் சங்கம் இன்றும் நடக்கிறது.

இருந்தாலும் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கெமாக் இரவல் கொடுக்கக்கூடிய மருத்துவக் கருவி என்று பெரிதாக எதுவும் இருந்திருக்க முடியாது. உருளும் கட்டில், மடக்கும் சக்கர நாற்காலி, அலுமினிய வாக்கர், மின்சாரத்தில் ஓடும் சுவாசக் கருவிகள் எல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக்குள் வந்தவை. இவற்றின் விலை அதிகம், தேவைப்படும் காலமோ குறைவு. கால் முறிந்தவருக்கு ஊன்றுகோல் சில வாரங்களுக்குப் போதும். பிறகு அது பரணில் கிடக்கும். விலைகொடுத்து வாங்குவதைவிட இரவல் வாங்குவதே இவற்றுக்கு ஏற்றது.

1970-களில் ஜெருசலேமில் ஆசிரியராக இருந்த ஊரி லுபோலியான்ஸ்கி இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டார். ஹைஃபாவில் 1951-இல் பிறந்தவர். ஒரு குளிர்காலத்தில் அவருடைய குழந்தைக்கு உடல்நலம் குன்றியபோது, அறையில் நீராவி பரப்பும் கருவி தேவைப்பட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள். மற்றவர்களுக்கும் இதே தேவை இருப்பதைக் கண்டு அத்தகைய கருவிகளைச் சேகரித்துத் தம் வீட்டிலிருந்தே கொடுக்கத் தொடங்கினார். கருவிகளோடு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் வந்து சேர்ந்தன. 1976-இல் அது ‘யாத் சாரா’ என்ற அமைப்பானது. நாஜிகளின் இனப்படுகொலையில் மாண்ட அவருடைய பாட்டி சாராவின் நினைவாக வைத்த பெயர். ஒரு தெருவின் கெமாக் எப்படிப் பெயர் பெறுமோ, அப்படியே இதுவும் பெற்றது.

இரவல் கொடுக்கும் முறையில் சிக்கல் எதுவும் இல்லை. வருபவர் வேண்டிய கருவியைக் கேட்டு, ஈட்டுத்தொகை கட்டி, எடுத்துப்போகிறார். கருவி திரும்பியதும் தொகையும் திரும்பும். சிறு கெமாக்குகளில் ஈடாக ஒரு காசோலையை வாங்கி வங்கியில் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருப்பார்கள். பொருள் வந்ததும் அதே காசோலையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்குபவர் ஏழையா என்று விசாரிப்பதில்லை, வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. தகுதி பார்த்துக் கொடுக்கும் அரசு அலுவலக முறையிலிருந்து இது விலகி நின்றது இந்த இடத்தில்தான். கணக்கிலும் அதனால் ஆதாயமே. கூச்சமில்லாமல் வந்து வாங்கிய வசதியுள்ளவர்கள், ஈட்டுத்தொகையைத் திரும்பப் பெறாமல் நன்கொடையாக விட்டுப்போகலாம். வீட்டில் பெரியவர் இறந்தபின் அவருக்காக வாங்கிய கட்டிலையும் கொண்டுவந்து தரலாம்.

உண்மையான உழைப்பு இருப்பது திரும்பி வரும் கருவியில். சக்கர நாற்காலியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். முன்சக்கரத்தில் சுற்றிக்கொண்ட முடியையும் நூலையும் எடுக்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, கால்தாங்கி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஈரத் தரையில் வழுக்கும். சுவாசக் கருவிகளில் எந்திரத்தைத்தான் மறுபடி கொடுக்கலாம். முகமூடியும் குழாயும் ஆளுக்கு ஆள் புதிது. இனிச் சரிப்படாது என்று ஒதுக்கிய நாற்காலியிலிருந்து சக்கரமும் திருகாணியும் மற்றொன்றுக்குப் போகும். யாத் சாராவின் பட்டறைகளில் இந்த வேலைகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற தன்னார்வலர்கள். நாள் முழுக்க வீட்டில் சும்மா இருக்க விரும்பாத முதியவர்களின் கைத்திறனை இப்படிப் பயன்படுத்திக்கொண்டது, அமைப்பு வளர்ந்ததற்கு நன்கொடைக்குச் சமமான காரணம் என்றே சொல்லலாம்.

வளர்ச்சி வேகமாக இருந்தது. கிளைகள் நூற்றைத் தாண்டின. தன்னார்வலர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். தலைமையகம் ஜெருசலேமில் ஹெர்சல் சாலையில் இருக்கிறது. யூதர்களோடு முஸ்லிம்கள், கிறித்தவர்கள், துரூஸ் சமயத்தினர் ஆகியோரும் அங்கே இரவல் வாங்குகிறார்கள். நாட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டினருக்கும் சக்கர நாற்காலி கிடைக்கும். நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனம், தனியாக வாழும் முதியவர் பொத்தானை அழுத்தினால் உதவிக்கு வரும் அவசர அழைப்பு மையம் போன்ற சேவைகளும் சேர்ந்தன. நோயாளியை மருத்துவமனையிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு அனுப்ப முடிவதால் அரசுக்கும் செலவு மிச்சம். 1994-இல் நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான இஸ்ரேல் பரிசு இந்த அமைப்புக்குக் கிடைத்தது. அதே ஆண்டு இயற்றப்பட்டு 1995 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நாட்டில் நிரந்தரமாக வசிப்பவர்கள் எல்லோருக்கும் சிகிச்சையை உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் இரவல் கருவிகளுக்கான தேவை குறையவில்லை. வீடு திரும்பிய நோயாளிக்கு அன்று மாலையே கட்டில் வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. லுபோலியான்ஸ்கி 2003 முதல் 2008 வரை ஜெருசலேம் மேயராக இருந்தார். அக்காலத்து ‘ஹோலிலேண்ட்’ கட்டட ஊழல் வழக்கில், கட்டுமானத் தரப்பு யாத் சாராவுக்குத் தந்த நன்கொடைகள் அவருக்கான லஞ்சமே என்று 2014-இல் தீர்ப்பானது. பணம் தம் சொந்தச் செலவுக்குப் போகவில்லை என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆறாண்டுச் சிறைத்தண்டனையை, அவருடைய உடல்நிலையைக் கருதி, உச்ச நீதிமன்றம் 2015-இல் ஆறு மாதச் சமூகப் பணியாகக் குறைத்தது. கிளைகள் தொடர்ந்து இயங்கின.

பெரிய அமைப்பு வந்ததால் வீட்டு கெமாக்குகள் மறைந்துவிடவில்லை. யாத் சாராவின் அலுவலக நேரம் முடிந்தபின் நள்ளிரவில் நெபுலைசர் வேண்டியவர் தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார். அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் எது கிடைக்கும் என்ற பட்டியல், தொலைபேசி எண்களோடு, வட்டாரக் கையேடுகளில் அச்சாகி வருகிறது.