ஓலை முதல் ஓடை வரை

புகார் நகரை நீங்கி மதுரை நோக்கிச் சென்ற கோவலனுக்கு ஊர்ச் செய்தியைக் கொண்டு வந்தவன் கோசிகன் என்னும் அந்தணன். மாதவியின் ஓலையைக் கொடுத்ததோடு, மகனைப் பிரிந்த பெற்றோர் படும் துயரையும் அவன் எடுத்துரைத்தான் எனச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதை கூறுகின்றது. ஊரைப் பிரிந்தோர் உள்ளம் ஊர்ச் செய்திக்கு ஏங்குவது அன்று தொட்டு வரும் இயல்பு. தலைநகர்வாழ் தமிழராகிய நாம் அச்செய்தியை எவ்வெவ்வாறு பெற்று வந்தோம் என்பதையும், மேசைக் கணிப்பொறியில் நாம் கண்ட செய்தியோடையின் வரலாற்றையும் ஈண்டுச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. அதன் பின்னர்ப் பல்லாண்டுகள் தமிழகம் செவிமடுத்த வானொலிச் செய்தியறிக்கை இத்தில்லியிலிருந்தே ஒலிபரப்பாயிற்று. 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் கணீரென்ற குரலை அறியாத தமிழ் இல்லம் அக்காலத்தில் அரிது. நாட்டுச் செய்தி இங்கிருந்து தெற்கே சென்றது; நம் ஊர்ச் செய்தியோ வடக்கே வரத் தாமதித்தது. சென்னை நாளிதழ் ஒரு நாளோ இரு நாளோ கழிந்தே கைக்குக் கிட்டும். தந்திக்காரர் கதவைத் தட்டினால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டார் நெஞ்சம் நடுங்கும்.

1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் இணையச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தமிழ் இதழ்களும் ஒவ்வொன்றாக இணையமேறின. ஆயினும் இதழுக்கு ஓர் எழுத்துரு என்னும் நிலை இருந்தது. உரிய எழுத்துரு நம் கணிப்பொறியில் இல்லையெனில், திரையில் தமிழ் தோன்றாது. புரியாத குறிகளே நிறைந்து நிற்கும். பிரிவுக்கு ஒரு பூட்டும் பூட்டுக்கு ஒரு சாவியுமாக இருக்கும் அலுவலக அலமாரிகளையே அது நமக்கு நினைவூட்டிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு, விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டிற்கும் பொதுத்தரம் காண முயன்றது. 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறியோ, விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே மெல்லப் பரவிற்று. தமிழ்நாடு அரசு 2010இல் அதனை ஏற்றது.

அதே 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். என்னும் முறையை வெளியிட்டது. செய்தித்தளம் தன் புதுச் செய்திகளின் தலைப்பு, சுருக்கம், நேரம், முகவரி ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். நாம் தேர்ந்த தளங்களின் கோப்புகளைப் படிப்பான் என்னும் செயலி அவ்வப்போது சென்று பார்த்து, புதியனவற்றை வரவுப் பதிவேடு போல ஒரே பக்கத்தில் அடுக்கித் தரும். ஒருங்குறியால் எழுத்து ஒன்றாகிவிட்டமையின், சென்னையும் கொழும்பும் இலண்டனும் அப்பக்கத்தில் அடுத்தடுத்து நின்றன. 2004இல் தோன்றிய தமிழ்மணம் திரட்டி, பல நாட்டுத் தமிழர் எழுத்துகளை இவ்வழியே ஓரிடத்தில் சேர்த்தது. இம்முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஊட்டுதல் என்னும் பொருளது. தமிழர் அதனை ஓடை என்றனர். ஊட்டுவதை உண்பவனுக்குத் தேர்வில்லை. ஓடைக்குச் செல்பவனோ தனக்கு வேண்டும் நீரைத் தானே முகந்துகொள்வான்.

2005இல் வந்து பலரும் விரும்பிய கூகிள் ரீடர், 2013 ஜூலை முதல் நாளில் மூடப்பட்டது. அத்திங்களின் இடைப்பகுதியில் இந்தியத் தந்திச் சேவையும் முடிவுற்றது. தந்திக்கு நாடே விடையளித்தது. ஓடைப் படிப்பானுக்கு வருந்தியோர் நம்மவருள் சிலரே. கைப்பேசி வந்தது. எதை முன்வைப்பது, எதைப் பின்வைப்பது என்பதை நமக்காகப் பிறர் முடிவு செய்யும் காலமும் உடன் வந்தது.

இவ்வேறுபாட்டை 2023 டிசம்பரில் எம் இல்லத்தில் உணர்ந்தோம். அம்மாதம் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு தொடர்வண்டி நின்றுவிட்டது. அவ்வூரை அடுத்து வாழும் எம் தமையனாரோடு தொடர்பு அறுந்தது. கைப்பேசியில் வந்த படங்கள் எந்த ஊருடையவை, எந்த ஆண்டின் வெள்ளம் என்று தெரியவில்லை. பழைய மேசைக் கணிப்பொறியைத் திறந்தோம். அதில் இன்னும் நாம் வைத்திருந்த படிப்பான், நான்கைந்து நாளிதழ்களின் செய்திகளை நேர வரிசையில் காட்டிற்று. பள்ளியில் இந்தி பயிலும் எம் மகள் எழுத்துக்கூட்டி வாசிக்க, அருகிருந்த எம் அன்னையார், “எப்ப வந்த சேதி, தாயி?” என்று தலைப்புதோறும் கேட்டார். அவளும் மணியைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் தமையனாரின் குரல் கேட்டது. அதன் பின்னரும் மாலைதோறும் ஆச்சிக்குச் செய்தி வாசிக்கும் வழக்கத்தை மகள் விடவில்லை. இப்போது அவள் எழுத்துக்கூட்டுவதில்லை.

ஓடைகள் வற்றிவிடவில்லை. செய்தித்தளங்கள் பல அவற்றை இன்றும் தருகின்றன. படிப்பான்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசியைத் தனித்தனியே நோக்கும் வழக்கத்திற்கு நாளும் கால்மணி நேரம் ஓய்வளித்து, ஒரு திரையின் முன் அமர்வோம். தமிழ்த் தலைப்புகளைப் பிள்ளைகள் வாசிக்கட்டும், முதியோர் கேட்கட்டும். கோசிகன் கொண்டு வந்த ஓலையைக் கோவலனால் வாசிக்க முடிந்தது. நம் பிள்ளைகளுக்கும் அது முடிய வேண்டும்.