காட்டுக்கு யார் அரிசி கொடுத்தது?

ஈப்போ வீட்டில் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்' விசிடி ஓடிக்கொண்டிருந்தது. எண்டோர் காட்டில் கரடிக்குட்டி மாதிரி இருக்கும் ஈவோக்குகள் கல்லையும் கட்டையையும் வைத்தே பேரரசின் படையை அடித்து நொறுக்குகின்றன. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அது சரி, காட்டுல இருக்கிறவனுக்கு யாருடா அரிசி கொடுக்கிறா?"

நான் சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குள் ஒரு போரே இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1948 ஜூன் 16 காலையில், அந்த வட்டாரத்தின் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 வரை நீடித்த அதை ஆங்கிலேயர் போர் என்று சொல்லவில்லை. போர் என்றால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்காது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். காட்டிலிருப்பவனைப் பட்டினி போடுவதுதான் நோக்கம். "வெட்டுக்குப் போறப்ப கேட்டுல தடவிப் பார்ப்பாங்க. தூக்குச்சட்டியில சோறு இருக்கக்கூடாது" என்றார் பாட்டி. "ராத்திரி அவன் வருவான். கொடுத்தா போலீசு, கொடுக்காட்டி அவன்."

தமிழர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டுமல்ல. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் நின்ற தோட்டத்து ஆட்கள் அதற்கு முன்பே இருந்தார்கள்.

இந்தக் கம்பிவேலிப் பாடம் மலாயாவோடு நிற்கவில்லை. இங்கே அனுபவம் பெற்ற ராபர்ட் தாம்சன் 1961இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராக சைகோன் போனார். அடுத்த ஆண்டு வியட்நாமிலும் வேலி போட்ட கிராமங்கள் எழும்பின. காட்டுக்குள்ளிருந்து அமெரிக்காவை எதிர்த்த அந்த வியட்நாமியரை மனதில் வைத்தே தன் கிளர்ச்சியாளர்களை உருவாக்கியதாக ஜார்ஜ் லூகாஸ் பின்னர் சொன்னார். அப்படிப் பார்த்தால் எண்டோர் காட்டுக்குப் போகும் பாதை சுங்கை சிப்புட் வழியாகத்தான் போகிறது!

ஆனால் அறிவியல் புனைவுப் படங்களில் பக்கம் எடுப்பது சுலபம். பேரரசின் சிப்பாய்க்கு முகமே கிடையாது, வெறும் தலைக்கவசம். 'அவதார்' (2009) பார்த்தபோதும் தியேட்டரே காட்டின் பக்கம்தான் நின்றது. காடு ஒரு பக்கம், படை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு லயம் இருக்கும், அங்கே விடிகாலையில் ஒருத்தி சோறில்லாமல் வேலைக்குக் கிளம்புவாள் என்பதற்கு அந்தத் திரைக்கதைகளில் இடமில்லை.

அமீர் முகமதுவின் ஆவணப்படம் 'லெலாக்கி கோமுனிஸ் தெராக்கிர்' (கடைசி கம்யூனிஸ்டு) எனக்குப் பிடித்தது இதனால்தான். சித்தியவானில் பிறந்த சின் பெங்கைப் பற்றிய படம், ஆனால் அவர் முகம் அதில் வராது. அவர் வாழ்ந்த ஊர்களில் இன்று இருக்கும் சாதாரண சனங்கள் பேசுகிறார்கள். நடுநடுவே வரும் பாட்டுகள் எனக்கு ஒட்டவில்லை என்பது வேறு விஷயம். தணிக்கை வாரியம் அனுமதித்த அந்தப் படத்தை 2006 மே மாதம் உள்துறை அமைச்சு தடை செய்தது. எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் கெரில்லாக்களுக்குக் கைதட்டலாம். பேராக் காட்டில் நடந்ததைத் திரையில் பார்க்கக் கூடாது.

படத்தைப் பின்னாளில் வெளிநாட்டில் பார்த்தேன். ஊர் திரும்பியதும் கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி பாட்டி முன்னால் வைத்தேன். தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயம் இல்லை, வேலியும் இல்லை. கடைசியில் கேட்டேன்: "நீங்க கொடுத்தீங்களா பாட்டி?"

பாட்டி கைப்பேசியைப் பார்த்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார்.

"கதவைச் சாத்துடா மொதல்ல."