ஒரு தோட்டம் எத்தனை நாள் வாழும்?



உங்களில் பலர் சொந்த வீடு கட்டிவிட்டீர்கள். பத்தடி இடம் இருந்தாலும் ஆள் வைத்து, காசு கொடுத்து, தோட்டம் போடுகிறீர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வரும்போது பச்சைப்பசேல் என்று இருக்கிறது. அடுத்த பொங்கலுக்கு வந்தால் புல் காய்ந்து, பாதித் தொட்டிகள் காலியாகக் கிடக்கின்றன. அப்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் அம்மையாரின் கதை நினைவுக்கு வரும்.

அவர் பெயர் கெர்ட்ரூட் ஜீக்கல். 1843இல் பிறந்தவர். முறையாக ஓவியம் படித்தவர். ஆனால் கிட்டப்பார்வை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. 1891இல் கண் மருத்துவர், நுணுக்கமான ஓவியமும் தையலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சோர்ந்து உட்காரவில்லை. சர்ரே மாவட்டத்தில் தம் சொந்த இடமான மன்ஸ்டெட் வுட்டில், மண்ணையே திரைச்சீலையாக்கிக்கொண்டார்.

அக்காலத்தில் அங்கே பணக்காரர் வீட்டு வழக்கம் வேறு. கண்ணாடி வீட்டில் வளர்த்த நாற்றுகளைக் கோடையில் வட்டமாகவும் நட்சத்திர வடிவிலும் நடுவார்கள். பருவம் முடிந்ததும் பிடுங்கிப் போடுவார்கள். ஜீக்கல் அம்மையார் ஆண்டுக்கணக்கில் நிலைத்து வாழும் செடிகளைப் பெரிதும் நம்பினார். 200 அடி நீளம், 14 அடி அகலத்தில் ஒரு பாத்தி. இரண்டு ஓரங்களிலும் சாம்பல் நிற இலைகள், நீலம், வெள்ளை, இளமஞ்சள் போன்ற குளிர்ந்த நிறங்கள். நடுவே போகப்போக ஆரஞ்சும் சிவப்பும். நம் ஊர் வாய்க்கால் கரையில் நிற்கும் கல்வாழைகூட அந்தச் சிவப்புக் கூட்டத்தில் இருந்தது! 1908இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

அந்த அழகு தானாக நிற்கவில்லை. ஒரு செடி பூத்து ஓய்ந்ததும், பக்கத்துச் செடியை அதன்மேல் சாய்த்து இழுத்துவிடுவார். காலி இடம் தெரிந்தால், தயாராக வைத்திருக்கும் லில்லி, ஹைட்ரேஞ்சா தொட்டிகளை அங்கே இறக்குவார். அத்தனைக்கும் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். அவரும் கூடவே உழைத்தார். 1920இல் அவரை வரைய வந்த வில்லியம் நிக்கல்சன் என்ற ஓவியர், அவருடைய தேய்ந்துபோன தோட்டத்துப் பூட்ஸையும் தனி ஓவியமாக வரைந்தார். அவர் உழைப்புக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

பின்னாளில் புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ், இளம் வயதிலேயே அவரோடு சேர்ந்தவர். அவர் வீடு கட்ட, இவர் செடி வைக்க, பல இடங்களில் சேர்ந்து வேலை செய்தார்கள். ஜீக்கல் வடிவமைத்தவை மொத்தம் ஏறத்தாழ 400 தோட்டங்கள். 1932இல் மறைந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப் போர் வந்தது. தோட்ட வேலைக்கு ஆள் குறைந்தது, கூலி ஏறியது. கட்டடம் நின்றது, தோட்டம் போய்விட்டது. அந்த 400இல் பெரும்பாலானவை உருத்தெரியாமல் அழிந்தன.

சிலவற்றை மீட்டது காகிதம்தான். எந்தச் செடி எங்கே, எத்தனை என்று அம்மையார் வரைபடத்தில் எழுதி வைத்திருந்தார். சாமர்செட்டில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஹெஸ்டர்கூம் தோட்டத்தில், தொட்டிச் செடிக் கொட்டகையின் இழுப்பறை ஒன்றில் அவருடைய நடவுத் தாள்கள் கிடைத்தன. அவற்றை வைத்து 1973 முதல் அதைப் புதுப்பித்தார்கள். இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். இன்னும் ஏராளமான வரைபடங்களை அமெரிக்கத் தோட்டக்கலைஞர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் விலைக்கு வாங்கி, 1955இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவற்றின் நகலைக் கொண்டும் இங்கிலாந்தில் தோட்டங்கள் மறுபடி துளிர்த்தன.

வரலாறு சொல்லும் பாடம் இதுதான் பிள்ளைகளே. தோட்டம் போடுவது ஒரு நாள் வேலை அல்ல. போடுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "செடிப் பெயரோடு வரைபடம் தருவீர்களா? மாதாமாதம் யார் வந்து கவாத்து செய்து, களை எடுத்து, உரம் வைப்பார்?" இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பாதிப் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அதைப் பராமரிக்க வரும் தோட்டக்காரருக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள். வரைபடத்தை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைக்கு உதவும்.

எல்லோரும் நலமுடன் வாழ்க.