முதல் நிரல்மொழி விவாதம்

முதல் நிரல்மொழி விவாதம் என்பது, நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்கும் மாணவருக்கு எந்த நிரல்மொழியை முதலில் கற்பிக்க வேண்டும் என்பது குறித்து நிரலர்களும் ஆசிரியர்களும் நெடுங்காலமாக நடத்திவரும் வாதம் ஆகும். தாம் விரும்பும் மொழியே சிறந்தது என நிரலர்கள் தமக்குள் வாதிடும் வழக்கத்தின் ஒரு கிளை இது. பொதுவான வாதத்தில் தோற்றவருக்கு இழப்பு ஏதுமில்லை. அவர் தம் மொழியிலேயே தொடர்ந்து எழுதலாம். பாடத்திட்டம் பற்றிய வாதத்தின் முடிவோ பல்லாயிரம் மாணவரைக் கட்டுப்படுத்தும். சென்னைக் கல்வி நிறுவனங்கள் இவ்வினாவிற்கு ஒன்றோடொன்று ஒவ்வாத விடைகளை அளித்துள்ளன.

பின்னணி

1970 இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல், கற்பித்தலைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட மொழியாகும். சி மொழி பற்றிய புகழ்பெற்ற நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான பிரையன் கெர்னிகன், பாஸ்கல் தமக்கு உவப்பான மொழி அன்று என்பதை விளக்கி 1981 இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்கலில் அணியின் நீளமும் அதன் தரவினத்தில் அடங்கும். ஆகவே வெவ்வேறு நீளமுள்ள அணிகளை வரிசைப்படுத்தப் பொதுவான ஒரே செயற்கூறு எழுத இயலாது என்பது அவர் எழுப்பிய தடைகளுள் முதன்மையானது. சுவை வேறுபாடாகத் தோன்றுவதன் பின்னே தொழில்நுட்பக் காரணம் இருக்கலாம் என்பதற்கு இக்கட்டுரை நல்ல சான்று.

ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1980கள் முதல் ஸ்கீம் மொழியைத் தொடக்க மொழியாகக் கற்பித்து, 2000களின் இறுதியில் பைத்தானுக்கு மாறியது. இம்மாற்றம் உலகெங்கும் வாதத்தைப் புதுப்பித்தது.

ஓர் எடுத்துக்காட்டு

தொடர் பெருக்கம் காணும் நிரல் ஏறத்தாழ எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. 5! = 1 x 2 x 3 x 4 x 5 = 120. இச்சிறு கணக்கே மொழிகளின் இயல்பை வெளிக்காட்டிவிடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்த நீலத்திரை டர்போ சி தொகுப்பியில் முழு எண் 16 பிட்டு அளவினது. அதன் பெரும மதிப்பு 32767. எனவே 7! வரை சரியாக வரும் விடை, 8! எனும்போது 40320 என்பதற்கு மாறாக -25216 என்று வரும். 32 பிட்டு முழு எண்ணிலும் 12! வரையே இடமுண்டு. பைத்தானில் 100! கேட்டாலும் முழு விடை கிடைக்கும்.

பைத்தானை ஆதரிப்போர் இதையே தம் சான்றாகக் காட்டுவர்: தொடக்க மாணவர் கணக்கின் வழிமுறையைச் சிந்திக்க வேண்டுமே தவிர, நினைவகத்தின் அளவை அன்று. சி மொழியை ஆதரிப்போரும் இதையே காட்டுவர்: அந்த எதிர்மறை விடையைக் கண்டு வியந்த மாணவரே, கணினி எண்களை எவ்வாறு சேமிக்கிறது எனத் தேடி அறிகிறார். இரு வாதங்களும் உண்மையே. எனினும் அந்த விடையை வகுப்பில் விளக்க ஆசிரியர் ஒருவர் இருந்தால் மட்டுமே இரண்டாவது வாதம் வலுப்பெறும்.

சென்னையில்

அடையாற்றை அடுத்துள்ள கிண்டியில் அமைந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் முடிவே பரந்த விளைவுடையது; அதன் இணைப்புக் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் உள்ளன. 2013 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் சி பயின்றனர். 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, கட்டடவியல், இயந்திரவியல் உட்பட எல்லாப் பிரிவினருக்கும் முதல் பருவத்தில் பைத்தானை வைத்தது. கணினிப் பொறியியல் மாணவருக்கு அதில் இரண்டாம் பருவத்தில் சி இருந்தது. ஆகவே சி நீக்கப்பட்டது என்று சிலர் கூறுவது பிழை; அவர்களைப் பொறுத்தவரை மாறியது வரிசை மட்டுமே.

சென்னைக் கணிதவியல் கழகத்தின் வழி தனித்தது. 1989 இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் பகுதியாகத் தொடங்கிய இக்கழகம், 2005 இல் சிறுசேரிக்குப் பெயரும் வரை தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் இயங்கியது. இதன் இளநிலை மாணவருக்கு ஹாஸ்கெல் முதல் மொழியாகக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஹாஸ்கெலில் மடக்குக் கூற்றுகள் இல்லை. n! என்பது n x (n-1)! என்று கணித நூலில் உள்ளவாறே எழுதப்படும். பள்ளியில் சி++ கற்று வந்தவரும் ஒன்றும் கல்லாது வந்தவரும் ஒரே இடத்தில் தொடங்க நேர்வது இதன் பயன் என்பர். கணிதத்தில் நாட்டமுள்ள சிறு குழுவிற்குப் பொருந்துவது பெருங்கூட்டத்திற்கும் பொருந்துமா என்பது மறுதரப்பின் வினா.

பள்ளிக் கல்வியில், 2018-19 இல் அறிமுகமான புதிய பாடத்திட்டத்தின்படி 11 ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ இடம்பெற்றது. 2019-20 இல் 12 ஆம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. கடினமானதை முன்னும் எளியதைப் பின்னும் வைத்த இவ்வரிசை விந்தையானது. நெளிவு அடைப்புக்குறிகளுக்குப் பழகிய மாணவர், அடுத்த ஆண்டே வரித்தொடக்க இடைவெளிக்குப் பொருளுள்ள மொழிக்கு மாற வேண்டும்.

தமிழில் நிரல்மொழி

இவ்விவாதங்களில் பெரும்பாலும் விடுபடுவது தமிழ்வழி மாணவரின் நிலையாகும். முத்து அண்ணாமலை உருவாக்கி 2009 இல் அறிவித்த எழில், தமிழ்க் குறிச்சொற்களைக் கொண்ட கட்டற்ற நிரல்மொழி ஆகும். எழிலின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. அதில் ஒரு நிபந்தனை பின்வருமாறு அமையும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் எழுதுக"
முடி

ஆங்கிலத்தைத் தழுவிய மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். இங்குத் தமிழ்த் தொடரமைப்பிற்கு ஏற்ப அது பின்னே வருவது குறிப்பிடத்தக்கது.

1989 ஆம் ஆண்டுத் தரப்படுத்தலின்படி சி மொழியின் குறிச்சொற்கள் 32 மட்டுமே. அவற்றைக் கற்பது எவருக்கும் பெருஞ்சுமை அன்று எனத் தமிழ் நிரல்மொழிகளை ஏற்காதோர் கூறுவர். ஆயினும் பிழைச்செய்திகளும் விளக்க ஆவணங்களும் 32 சொற்களில் அடங்குவன அல்ல. தமிழ்வழி மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். கலைச்சொற்களும் ஒருமைப்படவில்லை. பள்ளிப் பாடநூல் செயற்கூறு, மடக்கு, இனக்குழு என்று வழங்குபவற்றைப் பிற தமிழ் நூல்கள் செயலி, கண்ணி, வகுப்பு என வழங்குகின்றன.