ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ‘இன்னார் பயன்படுத்தக் கூடாது’ எனத் தடுக்கலாமா?

தொழுகை நேரம் காட்டும் செயலி, குர்ஆன் ஓதப் பழகும் மென்பொருள் என நம் பிள்ளைகள் பலர் இன்று உருவாக்குகிறார்கள். அதை ஓப்பன் சோர்ஸாக, அதாவது மூல நிரலோடு எல்லோருக்கும் வெளியிட நினைக்கும்போது ஒரு கேள்வி எழும்: “வட்டித் தொழில் செய்பவரும் மது வியாபாரியும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் எழுதலாமா?”

எழுதலாம். உழைத்தவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அப்படி எழுதினால் அதை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்ல முடியாது.

விதி என்ன?

1998-ல் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு, ஓப்பன் சோர்ஸுக்குப் பத்து நிபந்தனைகளை வைத்துள்ளது. எந்த மனிதருக்கும் குழுவுக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்பது ஐந்தாவது. எந்தத் தொழிலுக்கும் பயன்பாட்டுக்கும் தடை போடக் கூடாது என்பது ஆறாவது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தமது ஜேசான் உரிமத்தில், மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு வரி சேர்த்தார். நல்ல எண்ணம்தான். ஆனாலும் அந்த ஒரு வரிக்காகவே டெபியன் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. எது நன்மை, எது தீமை என்று யார் முடிவு செய்வது?

இது நமக்கும் பாதுகாப்பு

இன்று நாம் ஒருவரைத் தடுக்கலாம் என்றால், நாளை ‘முஸ்லிம்களுக்கு இல்லை’ என்று வேறொருவர் எழுதலாம். அந்தக் கதவை அடைத்து வைத்திருப்பது இதே ஐந்தாவது நிபந்தனைதான்.

ஆனால் உரிமம் தடுக்காததை நாட்டின் சட்டம் தடுக்கக்கூடும். அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளால் 2010-ல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் ஈரான், சிரியா, சூடான், கியூபா, வட கொரியா நாட்டவருக்கு மூடப்பட்டது. 2019-ல் கிட்ஹப், ஈரான், சிரியா பயனர்களின் சில சேவைகளை நிறுத்தியது. 2021-ல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்று ஈரானுக்கு அவற்றைத் திரும்பத் திறந்தது. நிரல்களின் உரிமம் மாறவில்லை. அவை இருந்த தளத்தின் வாசல்தான் அடைக்கப்பட்டது.

எதை நிபந்தனையாக்கலாம்?

யார் பயன்படுத்துவது என்பதைத் தடுக்க முடியாது. எப்படிப் பகிர்வது என்பதற்கு நிபந்தனை வைக்கலாம். ஜிபிஎல் உரிமத்தில் வெளியான நிரலைத் திருத்தி விநியோகிப்பவர், தம் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். திருத்திய பதிப்புக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லவும் ஓப்பன் சோர்ஸ் விதிகள் இடம் தருகின்றன.

குர்ஆன் செயலிக்கு இது முக்கியம். நிரலைத் திருத்தலாம், இறைவசனத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. ஆகவே இரண்டையும் பிரித்து, நிரலுக்கு ஓப்பன் சோர்ஸ் உரிமமும் வசனத் தொகுப்புக்குத் தனி உரிமமும் கொடுக்கலாம். தன்ஸீல் தளம் குர்ஆன் மூலத்தை இலவசமாகத் தருகிறது. அதை மாற்ற மட்டும் அனுமதிப்பதில்லை.

உரிமம் என்பது ஓர் ஒப்பந்தம் போன்றது. வெளியிடும் முன் பிள்ளைகள் அதை முழுமையாக வாசிக்கட்டும். பிறர் நிரலை எடுத்தால் அதன் நிபந்தனையைப் பேணட்டும். அதுவும் அமானிதமே.