பவுனுக்கு மூன்று பென்ஸ்: லண்டன் பள்ளி வாரியம் பிறந்த கதை

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்ணயர்ந்தாலும் பாடம் நிற்காது. சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். மூத்தவன் இளையவனின் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ போடவைப்பான். இளையவனுக்குக் கை வந்துவிட்டால் அவன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழும்பூரில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக அப்போது ஓர் அநாதை விடுதி இருந்தது. 1789-ல் அதன் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது இப்படி ஒரு மணல் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகளை ‘மலபார்’ பிள்ளைகள் என்று எழுதிவைத்தார். அக்காலத்து ஆங்கிலேயர் வாயில் தமிழரின் பெயர் அதுதான். விடுதிக்கு வந்து, இங்கேயும் மணலைப் பரப்புங்கள் என்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை உட்காரவைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

லண்டன் மாநகரம் தன் பள்ளிகளுக்கென்று ஒரு வாரியம் அமைத்துக்கொண்டதை வழக்கமாக 1870-லிருந்துதான் சொல்வார்கள். எழும்பூர் மணலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

பெல் 1796-ல் ஊர் திரும்பி, மறு வருடமே தன் அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார். 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க ஒரு சங்கம் கண்டபோது அந்த ‘மெட்ராஸ் முறை’யை எடுத்துக்கொண்டார்கள். திருச்சபையோடு ஒட்டாத கிறிஸ்தவர்கள், ஜோசப் லங்காஸ்டரின் ஏறக்குறைய இதே முறையைப் பிடித்துக்கொண்டார்கள். இரு தரப்பையும் இழுத்தது செலவுக் கணக்கு. ஒரே வாத்தியார், கொஞ்சம் சட்டாம்பிள்ளைகள், ஒரு கூடம் நிறைய நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். திண்ணையில் இருபது முப்பது பேருக்கு நடந்ததை அங்கே ஆலை மாதிரி நடத்தினார்கள். 1833-ல் நாடாளுமன்றம் முதன்முதலாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுன் ஒதுக்கியது. அதுவும் இந்தச் சங்கங்கள் வழியாகத்தான் போயிற்று. அரசாங்கம் பள்ளி நடத்தவில்லை. நடத்துகிறவர்களுக்குக் காசு கொடுத்தது. சங்கம் எட்டிப்பார்க்காத தெருவில் பள்ளி கிடையாது. அந்தத் தெருப் பிள்ளை யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆளும் கிடையாது.

காசு கொடுக்கிறவர் கணக்குக் கேட்காமல் இருப்பாரா? 1862-ல் ராபர்ட் லோ என்ற அமைச்சர் ஒரு விதி கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 12 ஷில்லிங் மானியம். வருகைக்கு 4, பரீட்சைக்கு 8. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பரீட்சை. ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். லோ எதையும் மூடி மறைக்கவில்லை. பலன் இருந்தால் பணம் போகும், பலன் இல்லாவிட்டால் பணமாவது மிஞ்சும் என்ற பொருள்பட நாடாளுமன்றத்திலேயே பேசினார்.

பிறகு இன்ஸ்பெக்டர் வரும் நாள் பள்ளிக்கூடத்தின் தீர்ப்பு நாளாகிவிட்டது. மந்தமான பிள்ளை ஒவ்வொன்றும் வாத்தியார் கண்ணுக்கு எட்டு ஷில்லிங் நஷ்டமாகத் தெரிந்தது. வருடம் முழுக்க ஒரே வாசகப் புத்தகத்தை நெட்டுருப் போட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிசகாமல் ‘வாசித்த’ பிள்ளைகளைப் பற்றி அப்போது கதை கதையாகச் சொன்னார்கள். சரித்திரத்துக்கும் பூகோளத்துக்கும் காசு இல்லை, ஆகவே பாடமும் இல்லை. கவிஞர் மாத்யூ ஆர்னால்டு பிழைப்புக்குப் பள்ளி இன்ஸ்பெக்டர். அவரே இந்த விதியைக் கண்டித்து எழுதினார். விதி அசையவில்லை. கடல் தாண்டி வந்து, ‘ரிசல்ட் கிராண்ட்’ என்ற பெயரில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளையும் பிடித்துக்கொண்டது. எழும்பூர் அனுப்பிய சரக்குக்கு லண்டன் செய்த கைம்மாறு என்று வைத்துக்கொள்ளலாம்.

1867-ல் இங்கிலாந்தில் நகரத்துத் தொழிலாளிகளில் பலருக்கு ஓட்டுரிமை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளரை நினைத்து மேல்தட்டுக்குக் கவலையும் வந்தது. 1870-ல் வில்லியம் ஃபார்ஸ்டர் கல்விச் சட்டம் கொண்டுவந்தார். பள்ளி போதாத ஊரில் ஒரு வாரியம்; அது வீட்டு வரியோடு சேர்த்துப் பள்ளி வரி போடலாம்; பள்ளி கட்டலாம். மதச் சண்டைக்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டார்கள்: வாரியப் பள்ளியில் பைபிள் சொல்லிக்கொடுக்கலாம், எந்தப் பிரிவின் தனிப்பட்ட ஞானோபதேசமும் கூடாது. வரியை நினைத்துப் பயந்தவர்களை ஃபார்ஸ்டர் சமாதானப்படுத்தினார். பவுனுக்கு மூன்று பென்ஸைத் தாண்டாது என்றார். வீட்டின் வருட வாடகை மதிப்பில் எண்பதில் ஒரு பங்கு. இந்த மூன்று பென்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்கு ஒரே வாரியம் என்பது மூல மசோதாவில் இல்லை. டோரன்ஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தால்தான் நகரம் முழுவதற்கும் ஒரே வாரியம், வரி கட்டுகிறவர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் வாரியம் என்று ஆயிற்று. பத்துத் தொகுதி, 49 இடம். வரி கட்டும் பெண்களும் ஓட்டுப் போடலாம், பெண்கள் போட்டியிடலாம். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட இங்கிலாந்துப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

1870 நவம்பர் 29 தேர்தல். தொகுதியில் எத்தனை இடமோ, ஒரு வாக்காளருக்கு அத்தனை ஓட்டு. அத்தனையையும் ஒருவருக்கே கொட்டலாம். சிறுபான்மைப் பிரிவினருக்கும் இடம் கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. மேரிலிபோனில் ஏழு இடம். அங்கே நின்ற எலிசபெத் காரெட், பிரிட்டனில் தகுதி பெற்று டாக்டராகப் பதிவான முதல் பெண்களில் ஒருவர். தொகுதிக்காரர்கள் பலர் ஏழு ஓட்டையும் அவருக்கே போட்டுத் தள்ளினார்கள். 47,858 ஓட்டு. அதே தொகுதியில் வென்ற விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கிரீனிச்சில் எமிலி டேவிஸ் வென்றார். கர்ட்டன் கல்லூரியை நிறுவியவர். முதல் தலைவராக வந்தவர் லாரன்ஸ் பிரபு. முந்தைய வருடம்வரை நம்மை ஆண்ட வைஸ்ராய்! ஒரு தேசத்தை ஆண்டுவிட்டு, பிள்ளைகளின் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்தார்.

வாரியம் ஐந்து முதல் பதின்மூன்று வயது வரை கட்டாய வருகை என்று விதி செய்தது. கட்டடக் கலைஞர் ராப்சனைப் பிடித்தது. இடம் குறுகிய தெருக்களில் மூன்றடுக்குச் செங்கல் பள்ளிகள் எழும்பின. கீழே குழந்தைகள், நடுவே பெண்கள், மேலே பையன்கள், வாசல்களும் தனித்தனி. சுற்றிலும் தாழ்ந்த, புகை படிந்த கூரைகள். நடுவில் உயரமான ஜன்னல்களோடு இவை மட்டும் தலை நிமிர்ந்து நின்றன.

கட்டடத்தைவிட எனக்கு வியப்பானது இன்னொன்று. பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க வீடு வீடாகப் போகும் ஊழியர்களை வாரியம் வைத்தது. ‘விசிட்டர்’ என்று பெயர். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, அப்பாவுக்கு என்ன வேலை, எத்தனை அறை என்றெல்லாம் அவர்களின் நோட்டுப் புத்தகத்தில் ஏறியது. 1886-ல் சார்லஸ் பூத் லண்டனின் வறுமையை அளக்கப் புறப்பட்டபோது நேராகப் போனது இவர்களிடம்தான். தெருவுக்கு ஒரு நிறம் தீட்டிய அவருடைய புகழ்பெற்ற வறுமை வரைபடமும், லண்டனில் சுமார் 30 சதவீதம் பேர் வறியவர்கள் என்ற கணக்கும் இந்த நோட்டுகளின் துணையோடு வந்தவை. வருகைப் பதிவுக்குப் போனவர்கள் பசியைப் பதிவு செய்துவிட்டார்கள்.

பிள்ளையைச் சட்டம் போட்டு இழுத்து வந்தாயிற்று. வந்த பிள்ளை பசியோடு வந்தது. வாரத்துக்குச் சில பென்ஸ் பள்ளிக் கட்டணம் வேறு. 1888-ல் டவர் ஹேம்லெட்ஸ் தொகுதியில் 15,000-க்கும் மேல் ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்த உறுப்பினர் இதையெல்லாம் எழுப்பினார். சில மாதங்களுக்கு முன்புதான் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். பெயர் அன்னி பெசன்ட். ஆம், பெசன்ட் நகரின் பெசன்ட். கட்டணத்தை ஒழிக்கச் சொன்னார், பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு கேட்டார், வாரியத்தின் காண்டிராக்டர்கள் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். கூலி விஷயம் நிறைவேறியது. கட்டணமும் 1891-ல் நாடாளுமன்றம் தலைக்குப் பத்து ஷில்லிங் ஈடு கொடுத்ததில் பெரும்பாலும் ஒழிந்தது. சோறு மட்டும் வரிப்பணத்துக்குள் வரவில்லை. அது தருமவான்களின் வேலை என்று விட்டுவிட்டார்கள். பெசன்ட் மறுபடி நிற்கவில்லை. 1893 நவம்பரில் தூத்துக்குடியில் கரையிறங்கினார்.

மூன்று பென்ஸ் என்ன ஆயிற்று? அது ஏறிக்கொண்டே போய், நூற்றாண்டு முடியும்போது பவுனுக்கு ஒரு ஷில்லிங்கைத் தாண்டிவிட்டது. சொன்னதைப்போல நாலு மடங்குக்கும் மேல். பள்ளிக்குப் பியானோ எதற்கு என்று வரி கட்டுகிறவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. ஆனால் வாரியப் பள்ளிகளில் அப்போது லட்சக்கணக்கில் பிள்ளைகள் இருந்தார்கள். எண்பதில் ஒரு பங்கில் அத்தனை பேருக்கும் படிப்பு என்ற கணக்கே ஆரம்பத்திலிருந்து பொய்.

திருச்சபைப் பள்ளிகளுக்கு வேறு கோபம். வரிப்பணம் அவர்களுக்குக் கிடையாது; வாரியப் பள்ளியோடு போட்டி போட்டு மூச்சு வாங்கியது. வாரியமோ தொடக்கப் பள்ளியோடு நிற்காமல், கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அறிவியலும் ஓவியமும், பெரியவர்களுக்கு மாலை வகுப்பும் நடத்தத் தொடங்கியிருந்தது. 1899-ல் ஓர் ஓவியப் பள்ளியார் புகார் கொடுத்தார்கள். மாணவரை வாரியம் இழுத்துக்கொள்கிறதாம். காக்கர்ட்டன் என்ற அரசாங்கத் தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். 1870-ன் சட்டம் தொடக்கக் கல்விக்கு வரி போடத்தான் அதிகாரம் கொடுத்தது. அறிவியல் வகுப்புக்கு வரிப்பணம் செல்லாது என்று எழுதி, அந்தச் செலவை வெட்டினார். வாரியம் கோர்ட்டுக்குப் போனது. 1900 டிசம்பரில் தோற்றது. அப்பீலில் 1901 ஏப்ரலில் மறுபடி தோற்றது. பிள்ளை நன்றாகப் படித்ததா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழவே இல்லை. எழ வேண்டிய இடமும் அதுவல்ல.

தீர்ப்பைச் சாக்காக வைத்து 1902-ல் பால்ஃபோர் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து, லண்டனுக்கு வெளியே எல்லா வாரியங்களையும் கலைத்தது. பள்ளிகள் உள்ளாட்சி மன்றங்களின் கைக்குப் போயின. திருச்சபைப் பள்ளிக்கும் வரிப்பணம் உண்டு என்றாயிற்று. மாற்றுப் பிரிவுக் கிறிஸ்தவர்கள், எங்கள் வரியில் அவர்கள் மதமா என்று வரி கட்ட மறுத்தார்கள். வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின, சிலர் சிறைக்கும் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி தன் சத்தியாகிரகம் எப்படி வேறுபட்டது என்று விளக்கும்போது இவர்களைத்தான் ஒப்பிட்டுக் காட்டினார். லண்டனுக்கு 1903-ல் தனிச் சட்டம். 1904 மே மாதம் லண்டன் கவுண்டி கவுன்சில் சாவியை வாங்கிக்கொண்டது. பின்னாளில் அதன் இடத்தில் வந்த லண்டன் உள்நகரக் கல்வி ஆணையத்தையும், செலவாளி என்று பெயர் சூட்டி, 1990-ல் கலைத்தார்கள். அது தனிக் கதை.

வாரியம் போன இரண்டு வருடத்தில், 1906-ல், பசித்த பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு உள்ளாட்சி மன்றங்கள் பவுனுக்கு அரைப் பென்னி வரை வரிப்பணம் செலவிடலாம் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பெசன்ட் அப்போது இந்தியாவில். அடுத்த வருடம் அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவரானார்.

சென்னையில் அந்தச் சோற்றைப் போட்டவர் பெசன்ட் அல்ல, அவருடைய ஹோம் ரூல் என்ற தன்னாட்சி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்த நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். அவர் தலைமையில் மாநகராட்சி மன்றம் 1920 செப்டம்பரில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகக்கூடாது. பெல் மணல் பரப்பிய எழும்பூரிலிருந்து அந்தப் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். பிறகு மேலும் சில பள்ளிகளிலும் போட்டார்கள். செலவு ஏறியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதி மறுத்தது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி அடுப்பை அணைத்தார்கள்.